நாலாவது பச்சை வாளி

மேடையில் வீற்றிருக்கும் ஜமாத் தலைவர் ஜெயினுலாப்தீன் அண்ணாச்சி அவர்களே, பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் தார்ப்பாயில் உட்கார்ந்திருக்கும் என் தாராவிச் சனங்களே, எல்லாருக்கும் வணக்கம். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது, ஞாபகம் நிற்கவில்லை.

நம்மை விட்டுப் போன குழாயடித் தலைவி சைனப் அக்காவைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். அவளோடு பதினோரு வருஷம் பேசாதவள் நான். அதை மறைத்துப் புகழ்ந்தால் அவளே எழுந்து வந்து மைக்கைப் பிடுங்குவாள்!

இன்றைக்கு வீட்டுக்கு வீடு குழாய். அன்றைக்கு நம் சந்துக்கே ஒன்று. நாளெல்லாம் நிற்க முடியுமா? ஆளுக்குப் பதில் சாமானை வைத்து நம்பர் போடுவோம். ஓட்டை வாளி, டால்டா டப்பா, காது போன குண்டான், பெயிண்ட் அடித்த செங்கல். எங்கே போயின அவையெல்லாம்? எது எந்த வீட்டுடையது என்று யார் எழுதி வைத்தார்கள்? எல்லாம் சைனப் அக்காவின் தலைக்குள் இருந்தது! புருஷன் இல்லாதவள், புதிதாக வந்தவள் என்று யாருடைய டப்பாவையாவது ஓரடி பின்னால் தள்ள விட்டாளா? விடவில்லை!

எண்பத்தாறாம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்த மறுநாள். ஊரிலிருந்து ஆள் வந்திருந்ததால் நான் இரண்டு டப்பா வைத்தேன். ஒன்றைக் காலால் எத்திச் சாக்கடையில் தள்ளினாள்.

"ஏட்டி பேராச்சி, ஒனக்கு என்ன ரெண்டு வாயா?"

"ஒங்க வாய்க்கு நாலு டப்பா வைக்கணும்க்கா!"

வரிசையே சிரித்தது, என்னைப் பார்த்து. யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். முதல் செங்கல், வந்தனா. நாலாவது பச்சை வாளி, நம் நூர் நிஷாவின் மாமியார் ஆஸியா. முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பன்னிரண்டாம் வருஷம் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். சைனப் அக்கா கேட்காமலே என் குடத்தை நிரப்பி வாசலில் வைத்தாள். அப்புறம்தான் வாய் திறந்தேன்.

போன மாதம் வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவர், நூர் நிஷா வீட்டுக்கு மட்டும் நம்பர் எழுதவில்லை. அந்தக் காலத்திலிருந்தே இங்கே குடியிருந்ததற்குப் பழைய காகிதம் வேண்டுமாம். அவள் காகிதம் மழை வெள்ளத்தில் போய்விட்டது. நம்பர் இல்லையென்றால், நம் குடிசைகளை இடித்துக் கட்டப்போகும் புதுக் கட்டடத்தில் வீடு இல்லை. மூச்சிரைக்கப் போய் நின்றாள் சைனப் அக்கா.

"நாலாம் நம்பர், பச்சை வாளி. இவ மாமியா வாளி. நான் சாட்சி."

"மாஜி, பால்டி காகஜ் நஹீ ஹோதா" என்று சிரித்தார் அவர். வாளி காகிதம் ஆகாதாம்!

திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்: "நான் போயிட்டா நீ சொல்லுவியாட்டி?"

"என் டப்பாவ எடுத்துக் குடுங்க, சொல்லுதேன்" என்றேன். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

டப்பா வேண்டாம் அக்கா, சொல்கிறேன்! நாளைக்குப் பத்து மணிக்கு அவர் மறுபடி வருகிறார். குழாய் இருந்த இடத்தில், பழைய வரிசைப்படி, ஆளுக்கொரு சாமானோடு நிற்போம். ஒன்றுமில்லாதவர் செருப்பை வைக்கட்டும். நாலாவது இடம் நூர் நிஷாவுக்கு. அவள் வீட்டுக்கு எழுதாமல் இந்தச் சந்தில் எந்த வீட்டுக்கும் நம்பர் எழுத விடமாட்டோம்!

சாட்சி கேட்டால் என்னைக் கேட்கட்டும். ஆஸியா சிரித்தது நாற்பது வருஷமாக என் வயிற்றில் எரிகிறது, நான் மன்னிக்கவில்லை. அவள் இங்கே குடியிருக்கவே இல்லையாம்! அப்படியானால் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது யார்?