வலது பக்க பெஞ்சு

ஜீப் ஹாரன் கேட்டபோது நான் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் போடாமல் கணக்கை முடிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். போலீஸ் இன்ஸ்பெக்டர் அருணகிரிக்கு நாற்காலி போட்டேன். அவர் கேட்பதற்கு முன்பே என் சோதனை நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

என் பெயர் கண்ணாயிரம். சொந்த ஊர் ஒடுகத்தூர். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இந்த மலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடமாக நான்தான் ஒரே வாத்தியார். இங்கே பல பிள்ளைகளுக்கு மாலைக்கண். 1977இல் சுகாதார நர்ஸம்மா கொடுத்த வைட்டமின் மருந்தை எல்லோருக்கும் ஊற்றினேன். எல்லோருக்கும் பார்வை தெளிந்தது. அதைக் கட்டுரையாக எழுதி, பாலாற்று அறிவியல் பேரவையின் ஆசிரியர் பரிசுக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. ‘எல்லோருக்கும் கொடுத்துவிட்டீர்கள். மருந்தால்தான் குணமானது என்பதற்கு ஒப்பீடு எங்கே?’ என்று ஒரு குறிப்பு.

நியாயமான கேள்வி.

மறுவருடம் பிள்ளைகளுக்கு மாலைக்கண் திரும்ப வந்தபோது சீட்டு எழுதிக் குலுக்கினேன். ‘இடது’ எடுத்தவர்கள் இடது பக்க பெஞ்சு, அவர்களுக்கு மருந்து. ‘வலது’ எடுத்தவர்களுக்கு அதே நிறத்தில் வெல்லத் தண்ணீர். பாரபட்சம் எனக்குப் பிடிக்காது. பாஞ்சாலி என்ற பெண்ணுக்கு ‘வலது’ விழுந்தது; அந்தச் சீட்டை எடுத்தது அவள் கைதான்.

தை மாதம் அவள் அம்மா பச்சையம்மா வந்தாள்.

“பொழுது சாஞ்சா பொண்ணு சுவத்துல போயி முட்டிக்குது சார். நீங்கதான் மருந்து ஊத்துறீங்களே, அப்புறம் இன்னா சார் இது?”

கீரையாவது கொடுக்கச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஒப்பீடு கெட்டுவிடும். “பார்க்கலாம்மா” என்றேன். அவள் போனதும் நோட்டில் தேதி போட்டு, ‘சுவர்’ என்று குறித்துக்கொண்டேன்.

மாசியில் பாஞ்சாலிக்குத் தட்டம்மை போட்டது. எழுந்தபோது, வைட்டமின் இல்லாத கண்ணுக்கு ஆவதுபோல், இரண்டு கருவிழிகளும் வெளுத்துப் பார்வை போயிருந்தது. என் அலமாரியில் மூடி திறக்காத மருந்து பாட்டில்கள் பதினொன்று இருந்தன. ஆனால் சோதனை முடிய இன்னும் ஆறு வாரம் பாக்கி.

பேரவை வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. மேடையில் அவளைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்வது முறையல்ல என்பதால் ‘பதினான்காம் எண்’ என்றேன். நன்றாகக் கை தட்டினார்கள். போன வாரம் நர்ஸம்மா என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் புகார் எழுதிப்போட்டிருக்கிறார்.

இதையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் வரிசையாகச் சொன்னேன். எனக்கு யார்மீதும் பகை இல்லை, எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான் என்றும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு வகுப்பு ஜன்னலைப் பார்த்தார்.

“உங்க பொண்ணு சகுந்தலாவும் இதே பள்ளிக்கூடந்தானாமே வாத்தியாரே. அதுக்கு எந்தச் சீட்டு வுழுந்துச்சு?”

“அவளைச் சீட்டு எடுக்க விடலீங்க.”