எடை அட்டையில் நீலக் கோடு வரைந்தவருக்கு

கலுங்கு நலவாழ்வு நிலையத்தின் வாசல் தராசுக்கு வாய்த்த வாய்மையாளரே! முப்பத்தோராண்டுகள் செவ்வாய்க்கிழமை தவறாமல் சிசுக்களைச் சிரிக்கவைத்து, சீராட்டி, கொக்கியில் மாட்டிக் குறித்துக்கொடுத்த கரங்களுக்குச் சொந்தக்காரரே! மாவட்டம் மறந்தாலும் மாதர் மறவாத மாண்பாளரே! ‘பா’ என்று ஊரே மரியாதையாய் விளிக்கும் பா எவரிஸ்டோ சிலேக்வா அவர்களே! உங்கள் பணி நிறைவு நாளான இன்று, உடன் உழைத்த பதினொரு பேரும் ஒன்றுகூடி வணங்கி வாழ்த்தி வாசித்தளிக்கும் மடல் இது.

வாழ்த்தி என்று எழுதிவிட்டோம். எப்படி வாழ்த்துவது என்றுதான் தெரியவில்லை. மூன்று நாளாக மருந்தறையில் கூடி உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்தோம். முஃபுலிரா நகரின் மற்ற நிலையங்களில் வாசித்த மடல்களையும் இரவல் வாங்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் குறையே இல்லாத ஒருவர், குறையே இல்லாத ஓர் இடத்திலிருந்து விடைபெறுகிறார். நம் கதை அப்படி இல்லை. அதைப் பூசி மெழுகி எழுதினால் கையால் தொடமாட்டேன் என்று நீங்களும் கறாராகச் சொல்லிவிட்டீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட அதிகாரிகள் பொறுத்தருள்க.

பணிவின் பேருருவே! நீங்கள் இங்கே சேர்ந்தபோது உங்களுக்குத் தந்த வேலை எளியது. பிள்ளைக்குத் துணிக் கால்சட்டையை மாட்டி, வராந்தாக் கம்பியில் தொங்கும் தராசில் கோத்து, முள் நின்ற எண்ணை அட்டையில் புள்ளியாக வைக்க வேண்டும். அட்டையில் அச்சடித்த கோடுகள் இருக்கும். புள்ளி கோட்டுக்கு மேலே நின்றால் தாய்க்குப் புன்னகை. கீழே இறங்கினால் எங்களிடம் வசவு. அந்த வசவை இன்று மறைக்க விரும்பவில்லை. "ஏம்மா, நிலக்கடலைக் கஞ்சிய யாரு குடிக்கிறது, புள்ளையா நீயா?" என்போம். "புதுத் துணி கட்டிக்கத் தெரியுது, புள்ளைக்கு ஊட்டத் தெரியலையா?" என்போம். வராந்தாவே சிரிக்கும். இதில் உரத்த குரல் யாருடையது என்றால், இப்போது இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கும் சிஸ்டர் கபோட்வேயுடையது. அவரே அதை எழுதச் சொன்னார்.

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளைகளின் புள்ளி எப்போதும் கீழேதான் விழும். உடம்பு தளர்ந்திருக்கும், நாக்கு முன்னே தள்ளும், பால் உறிஞ்சுவதற்குள் களைத்துத் தூங்கிவிடும். இதெல்லாம் எங்களுக்குப் பயிற்சியில் ஒரு பக்கத்தில் வந்தது. பரீட்சை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மறந்தோம். திட்டு வாங்கிய தாய் இரண்டு செவ்வாய் வருவாள். மூன்றாவது செவ்வாய் வரமாட்டாள். வந்த கூட்டத்தைச் சமாளித்தால் போதுமென்று நாங்கள் இருந்தோம். வராதவர்களை எண்ணியவர் நீங்கள் ஒருவர்தான்.

தராசைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர்கள் வாசலுக்கே போனீர்கள். ஒரு வீட்டில் பிள்ளையின் தகப்பனே குறுக்கே நின்று, "எடை போட்டு என்ன பண்ணப் போறீங்க? கறிக்கடைக்கா அனுப்பப் போறோம்?" என்று கேட்டார். நீங்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினீர்கள். "தெருவுல எல்லாப் புள்ளையும் எடை போடுது. உங்க புள்ளைக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்றீர்கள். அவர் வழிவிட்டார். அந்த வீட்டு மாமரக் கிளையில் தராசு தொங்கியது.

இப்படி ஏழு ஆண்டுகள். பத்தொன்பது பிள்ளைகளின் புள்ளிகள் உங்கள் நோட்டில் சேர்ந்தன. ஒன்பதாம் வகுப்புக் கணக்கை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவற்றைக் கோத்து ஒரு கோடு இழுத்தீர்கள். அச்சிட்ட கோடுகளுக்குக் கீழே, மெதுவாக, ஆனாலும் மேல்நோக்கி ஏறும் நீலக் கோடு. அதற்குள் சில பிள்ளைகள் இறந்துபோயிருந்தார்கள். அவர்களின் புள்ளிகளை எடுத்துவிடலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, "அவங்களும் நம்ம புள்ளைங்கதானே" என்று சொல்லிச் சேர்த்தே வரைந்தீர்கள். கேட்டு எங்களுக்குக் கண் கலங்கியது. தவறு அங்கேதான் நுழைந்தது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

சிஸ்டர் கபோட்வே ஒப்பவில்லை. "எடை போடுறவருக்கு என்ன கோடு போடுற வேலை, பா சிலேக்வா? தலைநகர் லுசாகாவுல அச்சடிச்சவங்க எல்லாம் முட்டாளா?"

"முட்டாளா இருக்க மாட்டாங்க, சிஸ்டர். அவங்க இந்தப் புள்ளைங்களைப் பாத்திருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

அடுத்த செவ்வாய் முதல் அந்தப் பிள்ளைகளின் அட்டைகளில் எல்லாம் நீலக் கோடு ஏறியது. போன தாய்மார் திரும்பி வந்தார்கள். எடை போட்டு முடிந்ததும் அவர்களைப் போகவிடாமல் அவகாடோ மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்தீர்கள். அங்கே அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததை எந்த அரசாங்கமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கரண்டியால் நாக்கை லேசாக அழுத்திக் கஞ்சியைக் கெட்டியாக ஊட்டுவது; துணியைச் சுருட்டி மார்புக்கடியில் வைத்துத் தலைநிமிரப் பழக்குவது; மாற்றுத்திறனாளி அட்டைக்கு எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போவது; பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓடிப்போன புருஷனிடம் இரண்டு பேராகப் போய் நியாயம் கேட்பது. ஊர் அவர்களை நீலக்கோட்டு அம்மாக்கள் என்றது. அவர்களும் அந்தப் பெயரை விரும்பியே ஏற்றார்கள். "புள்ள நாக்க நீட்டுறான்னு எங்க மாமியா அலுத்துக்குது. என்னைக் கண்டா அதுவே வாய மூடுறதில்ல, அதுக்கு யாரு கோடு போடுறது?" என்று ஒருத்தி சொல்ல, பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு உங்கள் சம்பாத்தியம், பா சிலேக்வா. அதை யாராலும் இல்லையென்று சொல்லமுடியாது.

கருணையின் கருவூலமே! அடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் ஒரு பெண்ணை அவள் பிள்ளையின் பெயரால்தான் அழைப்போம். மபாலோவைப் பெற்றவள் பனா மபாலோ. மபாலோ ஆறு மாதமாக இருக்கும்போதே அவள் ஒன்றைக் கவனித்தாள். "பால் குடிக்கையில தலையெல்லாம் வேர்க்குது, பா சிலேக்வா. நடுவுல நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குறா. அழுதா உதடு கறுக்குது." நீங்கள் தராசில் மாட்டிப் பார்த்தீர்கள். புள்ளி நீலக் கோட்டின் மேலேயே அமர்ந்தது. "கோட்டுல இருக்கா, பனா மபாலோ. பயப்படாதீங்க" என்றீர்கள். அவள் நம்பாமல் எங்களிடமும் வந்தாள். எங்கள் மருத்துவ அலுவலர் மார்பில் கருவியை வைத்தார், பிள்ளை அழுத அழுகையில் ஒன்றும் பிடிபடவில்லை, அட்டையைப் பார்த்தார், அனுப்பிவிட்டார். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் நாம் எல்லோரும் அதே பதிலைத்தான் சொன்னோம். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

சென்ற ஆண்டு வறண்ட பருவத்தில் லுசாகாவிலிருந்து குழந்தை இதய மருத்துவர் ஒருவர், படம் பிடிக்கும் கருவியோடு மாவட்ட மருத்துவமனைக்கு ஒரே ஒரு நாள் வந்தார். பெஞ்சிலிருந்து பதினொரு பிள்ளைகளை மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பார்த்ததில் ஏழு பேருக்கு இதயத்தில் ஓட்டை. மபாலோவுக்குப் பெரியது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா வெளிநாட்டு ஆபரேஷன் பட்டியல்லயாவது பேரு ஏறியிருக்கும். இப்ப நுரையீரல் கெட்டுப்போச்சு. இனிமே தொட முடியாது" என்றார் டாக்டர். பட்டியலில் ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர் கடல் கடந்து போய்ப் பிழைத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பிறகு அவர் மபாலோவின் அட்டையைக் கையில் எடுத்தார்.

"யாரு போட்டது இந்தக் கோடு?"

"நான்தான், டாக்டர்."

"எத்தனை புள்ளைங்களை வெச்சு?"

"பத்தொம்பது."

"அதுல இன்னிக்கு எத்தனை பேரு உயிரோட இருக்காங்க?"

நீங்கள் ஒவ்வொரு பெயராக வாய்க்குள் சொல்லி விரல் மடக்கினீர்கள். உடன் வந்திருந்த எங்கள் மருத்துவ அலுவலரும் தமக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டு" என்றீர்கள்.

"அப்ப இது இதயம் கெட்டுப்போய், வைத்தியம் இல்லாம செத்த புள்ளைங்களோட கோடு. அந்தப் புள்ளைங்க இப்படித்தான் எடை ஏறுவாங்க. இந்தக் கோட்டுல இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, பா சிலேக்வா. உடனே தூக்கிட்டு ஓடி வரணும்னு அர்த்தம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் உங்களுக்குத் தாங்கியிருக்கும்.

மபாலோ முதல் மழையோடு போனாள். மூன்று வயது நிறையவில்லை.

நீங்கள் ஒரு சவர பிளேடை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தச் சைக்கிளில் ஏறினீர்கள். வீடு வீடாகப் போய் அட்டையைக் கேட்டு, கோட்டைச் சுரண்டிவிடப் பார்த்தீர்கள். ஒரு தாயும் தரவில்லை. ஒருத்தி அட்டையைச் சோள மாவு டின்னுக்குள் ஒளித்தாள். இன்னொருத்தி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கோட்டை அழிச்சா என் புள்ள மறுபடி எல்லாருக்கும் கீழ போயிடுவா. அப்புறம் அந்த வராந்தாவுல நான் எப்படி வந்து நிக்கிறது?" என்று அழுதாள். கோடு பொய் என்று நீங்கள் விளக்க விளக்க, அவர்கள் உங்களுக்கு வயதாகிவிட்டது, டாக்டர் மிரட்டிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒன்றை உங்களாலேயே திரும்பப் பெறமுடியவில்லை. இதைவிடக் கொடிய தண்டனையை எங்கள் விரோதிக்கும் நாங்கள் நினைக்கமாட்டோம்.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டு உங்கள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தோம். நீங்கள் வேண்டாமென்றீர்கள். வராந்தாவில் தராசுக்கு மேலே மாட்டும்படியும், நான்கு வரியைப் பெரிய எழுத்தில் சேர்க்கும்படியும் கேட்டீர்கள். சேர்த்திருக்கிறோம்:

நீலக் கோடு தவறானது. அதை வரைந்தவன் எவரிஸ்டோ சிலேக்வா. பிள்ளைக்குப் பால் குடிக்கையில் வேர்த்தால், உதடு கறுத்தால், அட்டையைப் பார்க்காதீர்கள். இதயத்தைப் பார்க்கச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

பாராட்டு மடலில் ஒருவர் தம்மைத்தாமே குற்றவாளியாக எழுதிக்கொண்டது இந்த மாவட்டத்தில் இதுவே முதல் முறையாக இருக்கும். பெயரையாவது விட்டுவிடலாம் என்று மன்றாடினோம். நீங்கள் மசியவில்லை. நாங்களும் கூட நின்றவர்கள்தான் என்பதை எங்கே எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

கடைசியாக, சென்ற வாரச் செவ்வாய். உங்கள் கடைசிச் செவ்வாய்க்கு முந்தையது. கெசியா என்ற இளம்பெண் இரண்டு மாத ஆண்பிள்ளையோடு வந்தாள். அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம். கையில் புது அட்டை, கூடவே கடையில் வாங்கிய நீலப் பேனா. "எனக்கும் கோடு போட்டுக் குடுங்க" என்று நீட்டினாள். நீங்கள் பிள்ளையைத் தராசிலிருந்து மெதுவாக இறக்கி மார்போடு வைத்துக்கொண்டு, அந்தக் கோடு தப்பு, இதயத்தைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள்.

"அந்த டாக்டர் எப்ப வருவாங்க?"

"தெரியலம்மா."

"அடுத்த மாசமா? அடுத்த வருஷமா?"

"யாருக்கும் தெரியல. எழுதிப் போட்டிருக்கோம்."

"டாக்டரும் இல்ல, கோடும் இல்ல. அப்ப இவனை நான் எதுல வெச்சுப் பாக்குறது?"

நீங்கள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தீர்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அப்போது அவகாடோ மரத்தடியிலிருந்து பனா மபாலோ எழுந்து வந்தாள். பிள்ளை போன பிறகும் அவள் செவ்வாய்தோறும் வந்து அந்த பெஞ்சில் உட்காருகிறாள். இன்றைக்கு உங்களைச் சபிக்கப்போகிறாள் என்று பயந்து சிஸ்டர் கபோட்வே குறுக்கே ஓர் அடி வைத்தார். பனா மபாலோ அந்தப் பெண்ணின் கையிலிருந்து பேனாவை வாங்கி உங்களிடம் நீட்டினாள்.

"வரைஞ்சு குடுத்துடுங்க, பா சிலேக்வா. பொய்யா இருந்தா இருக்கட்டும். எனக்கு ரெண்டு வருஷம் தூக்கம் வந்துச்சு. இந்தப் பொண்ணுக்கு நீங்க வேற என்ன வெச்சிருக்கீங்க?"

நீங்கள் பேனாவை வாங்கவில்லை. பிள்ளையைத் தாயிடம் கொடுத்தீர்கள். அச்சிட்ட கோடுகளுக்கு வெகு கீழே அவன் புள்ளியை வைத்தீர்கள். கெசியா அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இந்தச் செவ்வாய் அவள் வரவில்லை. அவளைத் தேடிச் சைக்கிளில் போக இனி இங்கே ஆள் இல்லை. உங்கள் இடத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை.

அறம் பிழையாத அண்ணலே! நீங்கள் செய்தது சரியென்று எங்கள் படிப்பு சொல்கிறது. பனா மபாலோ கேட்டதற்கு எங்கள் படிப்பில் பதில் இல்லை. நீடூழி வாழ்க என்று எழுதும்போது கை தயங்குகிறது. அவள் கேட்ட கேள்வியோடுதான் நீங்கள் அத்தனை காலமும் வாழவேண்டியிருக்கும். ஆனாலும் வாழுங்கள், பா சிலேக்வா. கால் வலி தீர்ந்து, கண் தெளிவாக, பேரப்பிள்ளைகள் சூழ, பசியும் உறக்கமும் குறையாமல் பல்லாண்டு வாழுங்கள். எங்களிடம் கொடுக்க இதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கலங்கிய நெஞ்சோடு,
கலுங்கு நலவாழ்வு நிலையப் பணியாளர்கள் பதினொருவர்

மரத்தடி பெஞ்சின் தாய்மார் சார்பில், தாமாகவே கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டவர்,
பனா மபாலோ