ஐந்தாம் மாடியில் காத்திருந்த லிஃப்ட்காரருக்கு

மருத்துவமனை லிஃப்டின் மடக்குக் கதவை முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காமல் திறந்து மூடிய மூத்தவரே! நோயுற்றோரை நோகாமல் ஏற்றி, நலமுற்றோரை நன்மொழி கூறி இறக்கிய நல்லவரே! முன்வாசல் லிஃப்டின் முடிசூடா மன்னரே! இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் தங்களை, உடன் உழைத்த நாங்கள் வணங்கி வாழ்த்துகிறோம். வாழ்த்த மட்டும்தான் எழுத உட்கார்ந்தோம். பேனா வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, பொறுத்தருள வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டர் ஐந்தாம் மாடியில். ஏறுகிறவரிடம் தாங்கள் ஒரு சொல் பேசியதில்லை. "பயந்து கிடக்கிறவங்ககிட்ட சொன்னா, கழுத்தைப் பிடிச்சுச் சொன்ன மாதிரி ஆயிடும்" என்பீர்கள். பிழைத்து இறங்குகிறவரிடம்தான், ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்பீர்கள். தலையசைத்தால், ஐந்தாம் மாடியில் தொடங்கியதைத் தரைத்தளம் வருவதற்குள் முடித்துவிடுவீர்கள்: இயேசு அவருக்காகவே உயிரைக் கொடுத்தார், உயிரோடு எழுந்தார், நம்பிக் கையை நீட்டினால் போதும், பிடித்துக்கொள்வார். வேண்டாம் என்றவரிடம், பார்த்து இறங்கும்படி சொல்லிக் கதவைத் திறப்பீர்கள். மின்சாரம் போய் மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்ற அன்று மட்டும் பதினொரு பேர் முழுப் பிரசங்கத்தையும் கேட்டார்கள். பாவம், ஓட வழி ஏது! எங்களில் அதை நம்புகிறவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. தங்களைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த தாங்கள் மூன்று ஆண்டுகளாக யாரிடமும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் என்று நாங்கள் அனைவரும் அறிவோம். அறிந்தும் அறியாததுபோல் இருந்தோம். இதை மேடையில் வாசிக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. வாசித்தே ஆக வேண்டும் என்று சொன்னவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுபவராக இருந்தாரே நம் 'சக்கரம்', இருபது ஆண்டுகள் தங்கள் லிஃப்டில் ஏறி இறங்கியவர், தங்களை வாய் ஓயாமல் கேலி செய்தவர். அவரிடம் மட்டும் தாங்கள் அந்தச் செய்தியைச் சொன்னதே இல்லை. இவன் எங்கே போய்விடப் போகிறான், நாளைக்கும் வருவான்தானே என்று இருந்துவிட்டீர்கள். தினமும் பார்க்கிறவரிடம் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஆபரேஷனுக்காக அவரே ஸ்ட்ரெச்சரில் படுத்து வந்தார். குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்து நின்ற செவிலியர் காதால் கேட்டது இது. "அண்ணே, ஊருக்கெல்லாம் சொல்றீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லையே. இப்ப சொல்லுங்க" என்றார். தாங்கள் அவர் தலையைத் தடவி, "கீழே வரும்போது சொல்றேன்டா" என்றீர்கள். அது தங்கள் வழக்கம். வஞ்சகம் எள்ளளவும் இல்லாத வழக்கம்.

நம் மருத்துவமனைக்கும் ஒரு வழக்கம் உண்டு. உயிர் போனவரை முன்பக்க லிஃப்டில் இறக்குவதில்லை. பின்பக்க லிஃப்டில் நேரே பிணவறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சக்கரத்தையும் அப்படிக் கொண்டுபோய்விட்டது தெரியாமல், எல்லா மாடியிலும் மணி அடிக்க அடிக்க, லிஃப்டை ஐந்தாம் மாடியிலேயே நிறுத்திவிட்டு முக்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் தாங்கள் வாங்கிய ஒரே மெமோ அதற்குத்தான். ஐயோ, அந்த மெமோவைக் கொண்டுவந்து தந்த கையும் எங்களில் ஒருவருடையதே.

வாசிக்கச் சொன்னவர் சலவைப் பிரிவில் துணி மடிக்கும் அக்கா, சக்கரத்தின் மனைவி. சென்ற வாரம் எங்களிடம் ஒன்று சொன்னார். சக்கரம் வீட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத கதவை இழுத்து மூடி, தாங்கள் சொல்வதை ஒரு சொல் பிசகாமல் பேசிக் காட்டுவாராம். "மூணாவது மாடி வரைக்கும் சிரிப்பார். அதுக்கப்புறம் சிரிக்க மாட்டார்" என்றார் அக்கா. ஆக, அவருக்குச் செய்தி தெரிந்தே இருந்தது. தனக்கும் அது உண்டா என்பதைத் தங்கள் வாயால் கேட்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறார். இது ஆறுதலா, இன்னும் ஒரு குத்தலா, எங்களுக்குத் தெரியவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை.

அண்ணே, அக்காவுக்கு நாளை ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு அதே ஐந்தாம் மாடி. மருத்துவர் முகத்தைப் பார்த்தால் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. அக்காவுக்கும் அது தெரியும். அவர் இந்த மடலில் எழுதச் சொன்னது ஒன்றே ஒன்று: "இறங்கும்போது சொல்றேன்னு என்கிட்டயும் சொல்லிட வேணாம். ஏறும்போதே சொல்லச் சொல்லுங்க."

நாளை அந்தக் கைப்பிடி வேறொருவர் கையில் இருக்கும். காக்கிச் சட்டை தங்கள் மேல் இருக்காது. கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கிவிட்டோம்; ஸ்ட்ரெச்சர் ஓரத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறோம். லிஃப்டை மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறோம்.

நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, பேரப்பிள்ளைகளோடு பெருவாழ்வு வாழ்க! இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். சுவரில் ஆணி அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளைக் காலை ஏழரை மணிக்கே முன்வாசலுக்கு வந்துவிடுங்கள்.

கண்ணீரோடும் கைகூப்பியும்,
தங்கள் லிஃப்டில் ஏறி இறங்கிய அனைத்துப் பணியாளர்கள்