தொட்டியில் ஒரு மந்தை

ஹில்க்கா: கழிவுத்தண்ணி சோதனையை இன்னொரு தடவை பாரு, ஓஸ்மோ.

ஓஸ்மோ: மூணு தடவை பாத்தாச்சுக்கா. சோதனைக் குழாயில கரும்பச்சை. அம்மோனியா முப்பத்தொண்ணு.

ஹில்க்கா: போன வாரம் மூணுதானேடா இருந்துச்சு!

ஓஸ்மோ: ம்... ஆமா... மூணு.

ஹில்க்கா: ஒரே வாரத்துல பத்து மடங்கா? ஊரே கக்கூசுல குடியிருந்தாலும் இவ்வளவு ஏறாதே.

ஓஸ்மோ: குளிர்க்கா. அம்மோனியா நீக்கற தொட்டியில தண்ணி ஆறு டிகிரி. நம்ம கிருமி மந்தை தூங்குதோ என்னவோ...

ஹில்க்கா: தூங்கினா எழுப்பலாம். சகதியைப் பாத்தியா? பாதிகூட இல்ல. அம்மோனியாவைத் தின்னுற கிருமியெல்லாம் அந்தச் சகதியிலதானே இருக்கு! மந்தையே போயிடுச்சுடா.

ஓஸ்மோ: இந்தக் குளிர்ல மே மாசம் வரைக்கும் குட்டி போடாதே...

ஹில்க்கா: அதுவரைக்கும் அத்தனை அம்மோனியாவும் ஏரிக்குத்தான். பின்லாந்துலயே சுத்தமான ஏரின்னு போர்டு வேற! மேல ஒரு முழத்துக்குப் பனி, காத்து புகாது. மீனுங்க என்ன பண்ணும்?

ஓஸ்மோ: பயமுறுத்தாதீங்கக்கா.

ஹில்க்கா: காலையில ஆர்னே போன் பண்ணாரு.

ஓஸ்மோ: உங்க வீட்டுக்காரரா? வலை எடுக்கப் போயிருக்காருல்ல...

ஹில்க்கா: பனியில துளை போட்டதும் மீனெல்லாம் துளைக்கே வந்து வாயைப் பொளக்குதாம். "இன்னைக்கு நமக்கு அதிர்ஷ்டம்தான் போ"ன்னு சிரிக்கிறாரு. நான்... பாதியிலேயே போனை வச்சுட்டேன்.

ஓஸ்மோ: ஏன்க்கா?

ஹில்க்கா: ஏன்னா... நான்தான்டா காரணம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இருட்டறதுக்குள்ள நீராவிக் குளியலுக்கு சவுனா அறையைச் சூடாக்கணும்னு ஓடினேன்ல? சகதி வெளியேத்தற பம்ப்பை அணைக்காமப் போயிருக்கேன். லீவு மூணு நாளும் ஓடியிருக்கு.

ஓஸ்மோ: அக்கா...

ஹில்க்கா: குறுக்க பேசாத. பக்கத்து ஊர் சுத்திகரிப்பு நிலையத்துல கேட்டா ரெண்டு லாரி சகதி குடுப்பாங்க, உயிரோட இருக்கற மந்தை. தப்பை ஒத்துக்கிட்டுத்தான் கேக்கணும். வேலை போனாப் போகட்டும். அந்த போனை எடு.

ஓஸ்மோ: வேண்டாம்... நான் பேசறேன்.

ஹில்க்கா: நீ ஏன்டா பேசணும்?

ஓஸ்மோ: நீங்க அணைச்சுட்டுத்தான்க்கா போனீங்க. மைனஸ் முப்பத்தஞ்சு... சும்மா நின்னா பம்ப் உறைஞ்சு வெடிச்சிடும்னு நான்தான் திரும்பப் போட்டேன். அப்புறம் மூணு வாரமா... சோதனைத்தண்ணி பாட்டில்ல பனியை உருக்கி ஊத்தித்தான் அந்த மூணு வந்துச்சு. இன்னைக்குப் பனி அள்ளப் போறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.