விதை உளுந்து

அருப்புக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். தூத்துக்குடியிலிருந்து மீன் எடுத்துவந்து விற்கும் பாய் ஒருவர், காலடியில் மீன் கூடையோடு. பந்தல்குடியில் இறங்க வேண்டிய விவசாயி இன்னொருவர்.

“இப்பல்லாம் கடல்ல மீன் முட்ட முந்திப் பொரிஞ்சிருதாம்ணே” என்றார் பாய்.

“நல்லதுதான பாய்?”

“எங்கிட்டு நல்லது? தண்ணி சூடாயிருச்சுன்னா குஞ்சு வெரசா வெளிய வந்துருது. அது திங்கிற பொடிப்பூச்சி அந்நேரம் அங்க இருக்காது. பட்டினியிலயே செத்துருதுன்னு போட்டுக்காரவுக சொல்றாக.”

“அடப்பாவமே! நம்ம மானாவாரிக் கததான். புரட்டாசியில ஒத்த மழய நம்பி உளுந்து மொளச்சுச்சு. அடுத்த மழ வரல. அம்புட்டும் கருகிப்போச்சு.”

“பெறகு?”

“வெத உளுந்து கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன். இட்லிக்குப் போடணும்னு வீட்டுல கேட்டாக. வெதயில கைய வச்சா வெளங்குமான்னு சண்டையே போட்டுட்டேன். அதான் திரும்ப வெதைக்க முடிஞ்சுச்சு.”

“கடலுக்கு வெத மீனு வயித்துலதாண்ணே இருக்கு.”

“பின்ன!” என்று தலையாட்டினார் விவசாயி. பந்தல்குடி வந்துவிட்டது. எழுந்தவர் மஞ்சள் பையை விரித்து நீட்டினார்.

“வெரசாப் போடுங்க பாய். எப்பவும்போல செனை உள்ள மீனாப் பாத்து.”