குரலுக்காக விட்டுவைத்த கொசுறு

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, என் மனைவியே பார்த்திராத என் மண்டைக்குள் எட்டிப்பார்த்த அறுவை மருத்துவர் அவர்களே, ஊசியும் கையுமாகவே எனக்கு அறிமுகமான செவிலியச் சகோதரிகளே, முன்வரிசைப் பெரியோர்களே, இவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு என் இடது காதுக்குள் நாடித்துடிப்பு போல ஓர் ஓசை. மேடையில் கைதட்டல் வாங்காதவனுக்குக் காதுக்குள்ளேயே கைதட்டலா? மகிழ்ந்தேன், மயங்கினேன். படம் எடுத்தார்கள். மண்டையோட்டின் அடித்தளத்தில், காதுக்குக் கீழே, ரத்தக்குழாய்களே பின்னிப் பிணைந்த கட்டி. சிரிக்காதீர்கள் ஐயா, என் தலைக்குள் ஏதோ இருக்கிறது என்பதற்கு அன்றுதான் முதல் சான்று கிடைத்தது.

அறுவைக்கு முதல் நாள் தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பார்களாம். தலைக்கு வந்த நோய்க்குத் தொடையில் துளையா? அதற்கும் தலையாட்டினேன். அடுத்துச் சொன்னதில்தான் ஆடிப்போனேன். கட்டி குரல் நரம்பில் ஒட்டியிருக்கிறது. முழுதும் எடுத்தால் குரல் போகலாம். கொஞ்சம் விட்டுவைத்தால் ஆண்டுதோறும் படம் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். மீண்டும் வளரவும் கூடும்.

பேசிப் பிழைப்பவன் பேச்சிழந்தால்? நாவிருந்தும் நாதமில்லை என்றால்? இருபத்தாறு ஆண்டுகளாக என்னை வாயை மூடச்சொல்லும் மனைவியைப் பார்த்தேன். கேட்ட வரம் கைக்கு எட்டும்போது விடுவாளா?

"ஒட்டியிருக்கிறத விட்டுடுங்க டாக்டர்," என்றாள். "வருஷா வருஷம் நானே கூட்டிட்டு வரேன். இவர் சத்தம் இல்லாத வீட்டுல எனக்கு வேலையே ஓடாது."

ஒன்பது மணி நேரம். குரல் நரம்பு அறுபடாமல் ஒரு கருவி காவல் காக்க, இழை இழையாகப் பிரித்தெடுத்தார்கள். அரிசிமணி அளவு கொசுறு மட்டும் நரம்போடு நின்றது.

கண்விழித்தேன். பேரைச் சொல்லச் சொன்னார் மருத்துவர். எனக்கா புத்தி வரும்? வேடிக்கைக்காக வாயை மட்டும் அசைத்தேன். அவர் முகம் வெளுத்தது. என் மனைவி மட்டும் அசையவில்லை.

"பயப்படாதீங்க டாக்டர், நடிக்கிறாரு. நிஜமாவே பேச முடியலன்னா இந்நேரம் பேப்பரும் பேனாவும் கேட்டு உயிரை வாங்கியிருப்பாரு."

"ஒரு நிமிஷம் நடிக்க விடமாட்டியா?" என்றேன். கரகரத்தது, ஆனால் வந்தது. அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவையோரே, வெட்டத் தெரிந்த கைகள் ஆயிரம் உண்டு. வேரோடு வெட்டும் வெறியை வென்று, ஓர் அரிசிமணிக்கு முன்னே கத்தியை நிறுத்தத் தெரிந்த கை எத்தனை? அந்தக் கையால் நான் பேசுகிறேன். அந்தக் கையைப் பார்த்தாவது நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முன்வரிசையில் ஒருத்தி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறாள். இதோ, நிறுத்திவிட்டேன். குரல் தந்தவர்களுக்கு நன்றி, அதைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு வணக்கம்.