பன்னிரண்டாம் தேதியின் மேல் ஒட்டிய பதினேழாம் தேதி

இன்று 20.11.2025, வியாழக்கிழமை, காவல் நிலையத்தில் நேரில் வந்து நான் கூறுவதாவது:

என் பெயர் ரேமோன். தகப்பனார் பெயர் அந்துவான், காலமாகிவிட்டார். எனக்கு வயது எழுபத்தாறு முடிந்து ஏழு மாதம். நெல்லித்தோப்பில் மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில், கதவு எண் 14இல், மனைவி ஜொசியானுடன் குடியிருக்கிறேன். நகராட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் எத்தா சிவில் பிரிவில் எழுத்தராக இருந்து 30.04.2007 அன்று ஓய்வு பெற்றேன்.

லாஸ்பேட்டையில் உள்ள தனியார் மருத்துவமனையின் வார்டு பொறுப்புச் செவிலியர் செல்வாம்பாள் என் மீது கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. 17.11.2025 திங்கட்கிழமை நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன் என்றும், அன்று என் அழுக்குக் கையால் மனைவியின் ஊசிக்கட்டைப் பிரித்ததால்தான் அவள் இரத்தத்தில் கிருமி ஏறியது என்றும் அதில் கண்டிருக்கிறது. முதலாவதில் பாதிதான் உண்மை. இரண்டாவது முழுப் பொய். சுருக்கமாகச் சொல்லும்படி சார்பு ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். சுருக்கினால் தேதிகள் போய்விடும், அவை போவதையே அந்த மருத்துவமனை விரும்புகிறது என்பதால், வரிசையாகவே சொல்கிறேன்.

12.11.2025 புதன்கிழமை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காததால் ஜொசியானை அங்கே சேர்த்தேன். சத்யப்பிரியா என்ற இளம் செவிலியர் கைகளைக் கழுவி, புதுக் கையுறை அணிந்து, குளுக்கோஸ் ஏற்றுவதற்கான ஊசிக்குழாயை இடது புறங்கையில் பொருத்தி, அதன் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் 12/11 என்று எழுதினார். மூன்று நான்கு நாளில் குழாயை மாற்ற வேண்டும், அதற்குத்தான் தேதி என்றார். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை.

அதன் பிறகு 13, 14, 15 ஆகிய மூன்று நாளும் வார்டு செல்வாம்பாளின் பொறுப்பில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் வைத்திக்குப்பத்தைச் சேர்ந்த மீன் வியாபாரி சின்னப்பாப்பா காலில் சீழ்ப்புண்ணோடு படுத்திருந்தார். 14ஆம் தேதி செல்வாம்பாள் அந்தப் புண்ணை அமுக்கிப் பார்த்துவிட்டு, அதே கையுறையோடு என் மனைவியின் ஊசிக்குழாயைத் தொட வந்தார். நான் தடுத்துக் கேட்டேன். "கிளவுஸ் போட்டிருக்கேன்ல, அப்புறம் என்ன?" என்றார். கையுறை அவர் கையைக் காப்பாற்றுகிறது, என் மனைவியை யார் காப்பாற்றுவது என்று கேட்டேன். ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறையை மாற்றிக் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவர்களே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினேன். அது செவிலியர்களுக்கு ஒட்டியது, நீங்கள் படிக்க அல்ல என்று பதில் வந்தது. அவர் போன பிறகு சின்னப்பாப்பா, "அந்தம்மா கிளவுஸ கழட்டி நான் பாத்ததே இல்ல. கையோட வச்சித் தச்சிட்டாங்களாட்டம் இருக்கு" என்றார்.

அதன் பிறகு, கட்டில் ஓரத்தில் கை சுத்திகரிப்பு மருந்துக்கான கம்பி வளையம் மட்டும் இருக்க, புட்டி எங்கே என்று விசாரித்தேன். நோயாளிகளுடன் வருகிறவர்கள் குடித்துவிடுவதால் அலமாரியில் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். திரும்பிய பக்கமெல்லாம் மதுக்கடை திறந்திருக்கும் புதுச்சேரியில் இப்படி ஒரு காரணத்தைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

16.11.2025 ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். ஜொசியான், "என்னாங்க, மோதிரம் கடிக்குது" என்றாள். இடது கை வீங்கியிருந்தது. பிளாஸ்திரியைச் சுற்றிச் சிவந்து, நரம்பு மணிக்கட்டு வரை கயிறு போல் தடித்திருந்தது. கல்யாண மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தேன், நகரவில்லை. சத்யப்பிரியாவை அழைத்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, இதை உடனே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, செல்வாம்பாளிடம் கேட்கப் போனார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்னு சொல்றாங்க ஐயா. வயசானவங்களுக்கு வேற நரம்பு கெடைக்காதாம்" என்றார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் எடுக்கச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் சர்டிஃபிகேட் எல்லாம் இவங்க கையிலதான் இருக்கு" என்றார். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

17.11.2025 திங்கட்கிழமை காலை நான் போனபோது எல்லாக் கட்டில் ஓரத்துக் கம்பி வளையத்திலும் நிறைந்த புட்டிகள் தொங்கின. திரைச்சீலைகள் மாறியிருந்தன. ஜொசியானின் கையில் வெள்ளை வெளேரென்று புதுப் பிளாஸ்திரி, அதில் 17/11. புதிதாகக் குத்தினார்களா என்று கேட்டேன். "குத்தலீங்க. மேலயே ஒட்டிட்டுப் போய்ட்டாங்க" என்றாள். மணியை அழுத்தினேன். மருத்துவமனையின் தரத்தைப் பார்க்க வரும் ஆய்வுக் குழுவுக்காக எல்லோரும் வாசலில் நின்றதால் யாரும் வரவில்லை. மறுபடியும் அழுத்திக் காத்திருந்தேன். அதன் பிறகு வார்டு குழாயில், சுவரில் போட்டிருந்த படத்தின்படி, சோப்பிட்டு மணிக்கட்டு வரை கழுவி, ஈரம் உலர நின்று, மேல் பிளாஸ்திரியின் ஓரத்தை மட்டும் உரித்துத் தூக்கினேன். அடியில் பழைய பிளாஸ்திரி மஞ்சள் கசிந்து கிடந்தது. அதில் சத்யப்பிரியாவின் எழுத்தில் 12/11 இருந்தது. எத்தா சிவிலில் எனக்குத் தெரிந்து எவரும் ஒரு தேதியின் மேல் இன்னொரு தேதியை ஒட்டியதில்லை. அங்கே வெறும் காகிதம்தான் இருந்தது. இங்கே என் மனைவியின் கை இருந்தது.

அப்போது ஆய்வுக் குழுவினர் வார்டுக்குள் நுழைய, அவர்களை முந்திக்கொண்டு வந்த செல்வாம்பாள், குப்பைத் தொட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதே கையுறையோடு பிளாஸ்திரியைத் திரும்ப அமுக்கக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தது உண்மை. தள்ளவில்லை. "இந்தக் கையோட தொடாதீங்க" என்றேன். "கைய விடு கிழவா" என்றார். விட்டேன். அதன் பிறகு காவலாளி அம்மாவாசை என்னை வெளியே கொண்டுபோய் விட்டார். அன்று முதல் என்னை உள்ளே விடவில்லை.

18.11.2025 செவ்வாய்க்கிழமை, ஜொசியானுக்குக் குளிர் காய்ச்சல் கண்டு, இரத்தத்தில் கிருமி என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். வாசலில் போய் நின்றேன். அம்மாவாசை ஒரு காகித உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். வீக்கத்தால் கழற்ற முடியாமல் மோதிரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அதன் உட்புறத்தில் எங்கள் திருமணத் தேதி 14.5.77 என்று பொறித்திருக்கும். வெட்டு ஆண்டின் மேல் விழுந்திருக்கிறது.

19.11.2025 புதன்கிழமை, மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அலுவலர் நிலவன் என் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க முசே ரேமோன். கம்ப்ளெய்ன்ட்ட வாபஸ் வாங்கிடுறோம். நாளைக்கே உங்க மேடம் பக்கத்துல ஒக்காந்துக்கலாம்" என்றார். அந்த இரண்டு வரியை அவரே சொன்னார்: 17ஆம் தேதி நான் கட்டைப் பிரித்தேன், அதற்குப் பிறகுதான் கை சிவந்தது. முதல் வரியை எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டாவது இல்லாமல் முதலாவது வேண்டாம் என்றார். காப்பி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஜொசியான் இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள். அவள் கண் திறக்கும்போது நான் பக்கத்தில் இருப்பதற்கு அந்த ஒரு வரி விலை. நான் தரமாட்டேன். தந்தால், அவள் கையில் கிருமி ஏற்றியவன் நான் என்று நானே பதிந்ததாகும். அடுத்து அந்தக் கட்டிலில் படுக்கிறவருக்கும் அதே கையுறை வரும்.

16ஆம் தேதி கை சிவந்திருந்ததைப் பார்த்த செவிலியர் சத்யப்பிரியா. அவருக்குக் கொடுத்த வாக்கை இதன் மூலம் மீறுகிறேன். தெரிந்தேதான் மீறுகிறேன். அவரைச் செல்வாம்பாள் இல்லாத இடத்தில் விசாரிக்கவும், அவருடைய சான்றிதழ்களை முதலில் மீட்டுக் கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். சின்னப்பாப்பாவையும் விசாரிக்கலாம். அவருக்கு அந்த மருத்துவமனையிடம் பயம் இல்லை.

செல்வாம்பாளின் மணிக்கட்டைப் பிடித்ததற்கு எந்தத் தண்டனையும் ஏற்கிறேன். மன்னிப்பு கேட்கமாட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கை சிவந்த தேதி 17 என்று எழுதப்பட்டிருந்தது. நான் சொன்னது 16. எழுதிய காவலர் வெள்ளை மை தடவித் திருத்தப் போனார். நான் சம்மதிக்கவில்லை. பழைய எண் தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 16 என்று எழுதி, அந்த இடத்தில் தனியாகக் கையொப்பம் இட்டிருக்கிறேன். அடித்தது உட்பட, இதில் உள்ளது அனைத்தும் நான் கண்டு, கேட்டு, செய்தவை. பிறர் தூண்டுதலால் சொன்னது எதுவும் இல்லை.

(ஒப்பம்)
அ. ரேமோன்
20.11.2025